சங்கு ஊதும் நேரம்

என் மனைவி ஹிஸ்கே, கடல் வற்றிய சேற்றில் படம் வரைகிறவள். நான் அவளுக்கு மணி பார்க்கிறவன்.

கேட்பதற்குச் சுலபமான வேலையாகத் தோன்றும். எங்கள் ஊர் அணைக்கு வெளியே கடல் தினமும் இரண்டு முறை விலகிப் போகும். போனபிறகு கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறுதான். ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும். முன்னாலிருந்து வந்தால் பார்த்துவிட்டு ஓடிவிடலாம். அப்படி வராது. முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலை நிரப்பும். நீங்கள் வந்த வழியை அடைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகக் காலடிக்கு வரும். எங்கள் சர்ச் கல்லறையில் பெயர் மட்டும் வெட்டிய கற்கள் ஏழு இருக்கின்றன. அவற்றின் அடியில் யாரும் இல்லை.

ஹிஸ்கே வேலை நேரத்தில் கைக்கடிகாரம் கட்டமாட்டாள். "மணி தெரிஞ்சா கை அவசரப்படும் ஈப்பே" என்பாள். அதனால் அணைமேல் நான் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஃபிளாஸ்கில் காபி. மடியில் ஒரு பழைய கப்பல் சங்கு. கைப்பிடியைச் சுற்றினால் ஆலைச் சங்கு மாதிரி அலறும். கடல் அடிமட்டத்துக்கு வற்றுகிற அந்த நிமிடத்தில் சுற்றுவேன். சத்தம் கேட்டதும், கோடு பாதியில் நின்றாலும் சரி, அவள் திரும்பிவிடுவாள்.

பதினான்கு வருடமாக இப்படித்தான். ஒரே ஒரு நாள் நான் ஒரு மணி நேரம் பிந்தி ஊதினால் ஹிஸ்கே இல்லை. அதைத் தினமும் நினைத்துக்கொண்டேதான் காபி குடிப்பேன்.

அவள் படம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உழுத நிலத்தில் குதிரை இழுக்கிற, பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று அவளிடம் உண்டு. குதிரைக்குப் பதில் ஹிஸ்கே. இடுப்பில் தோல் வார், வாரில் பன்னிரண்டு மீட்டர் கயிறு, கயிற்றின் முனையில் சட்டம். வாய்க்காலைத் தாண்டியதும் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நடுவாள். அங்கிருந்து கடலை நோக்கி நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போவாள், முக்கால் கிலோமீட்டர். அதற்குப் பெயர் காம்பு. காம்பு முடிந்து ஐந்தடி தள்ளி வட்டங்கள் தொடங்கும், ஒன்றுக்குள் ஒன்றாக. பெரிய வட்டத்தைச் சுற்றி வரவே பத்து நிமிடம் ஆகும். அணைமேலிருந்து பார்த்தால் யாரோ சேற்றில் பூவைக் கிள்ளிப் போட்டதுபோல இருக்கும். மாலைக்குள் கடல் அழித்துவிடும்.

அவளுக்கு இரண்டு விதிகள். யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. யாரும் கோட்டை மிதிக்கக் கூடாது. அவள்கூட ஓரமாகத்தான் நடப்பாள்.

ஊரில் அவளுக்கு வைத்த பெயர் 'கடலின் வேலைக்காரி'. வைத்தவன் வோப்பே. அணைச் சரிவில் ஆடு மேய்க்கிற பண்ணைக்காரன். "என்னடா ஈப்பே, இன்னிக்கு உன் பொண்டாட்டி கடலைப் பெருக்கி முடிச்சாச்சா? எங்க கொல்லைப் பக்கமும் கொஞ்சம் அனுப்பேன்" என்பான். நான் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அவன் சைக்கிள் வந்தால் பிரேக்கை நன்றாக இறுக்கி அனுப்புவேன். வேறென்ன செய்வது.

எழுபத்தேழாம் வருடம் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, ஆம்ஸ்டர்டாமில் ஒரு மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது. ஓட்டோலின் என்ற பெண் அதிகாரி ஹிஸ்கேயின் வேலையைப் பார்க்க வருகிறாளாம். இரண்டாவது, அரசாங்கம் கோடைக்காலத்துக்கு எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னது.

முதல் விஷயத்தில் ஹிஸ்கே தடுமாறினாள். இரண்டாவதில் நான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கோட்டு மாட்டி, சர்ச்சுக்கு நடந்தேன். ஹிஸ்கே சர்ச்சுக்கு வரமாட்டாள், அது ஊருக்கே தெரியும். நான் வாசலை அடைந்தபோது கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாதிரியார் என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கைகொடுத்தார்.

வோப்பே விடுவானா? "அடடா ஈப்பே! அடுத்த வாரத்துக்கு இப்பவே வந்துட்டியா? மணி பாக்கறதுதானே உனக்கு உத்தியோகம்?"

நாற்பது பேர் சிரித்தார்கள். சாயந்திரத்துக்குள் அது ஹிஸ்கேயின் காதுக்கும் போய்விட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று காபிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது எனக்கு இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்தாள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அதுவரை ஒன்றுதான்.

அன்று ஒரு சபதம் எடுத்தேன். இனி எந்த மணியைப் பார்த்தாலும் கோடைக்கால ஒரு மணி நேரத்தை மறக்கமாட்டேன்.

கடல் வற்றும் நேரத்தைத் துறைமுக ஆபீஸ் புத்தகமாகப் போடும். அதிலிருந்து மாதா மாதம் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் அங்கேதானே தொங்குகிறது? தினமும் தவறாமல் கண்ணில் படுகிற இடம். ஏப்ரல் மாதச் சீட்டை மார்ச் கடைசியிலேயே எழுதி ஒட்டிவிட்டிருந்தேன். புத்தகத்தில் போட்டிருப்பது பழைய மணி. ஆகவே சீட்டில் இருப்பதும் பழைய மணி. ஒன்று கூட்ட வேண்டும். அதைத்தான் தினமும் பல் தேய்க்கும்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்: கூட்டு, கூட்டு.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஓட்டோலின் வந்தாள். முப்பது வயது இருக்கும். புத்தம் புதிய சிவப்பு ரப்பர் பூட்ஸ். மணி மாறிய பிறகு ஹிஸ்கே கடலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. கிழக்குக் காற்றில் ஒரு வாரம் இருமிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போட்டோவே எடுக்கறதில்லைன்னா மியூசியத்துல எதை மாட்டறது?" என்று கேட்டாள் ஓட்டோலின்.

"ஒரு ஆணியை மாட்டுங்க" என்றாள் ஹிஸ்கே.

நான் கழிப்பறைக்குப் போய்ச் சீட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. ஒன்று கூட்டினால் ஒன்று நாற்பது. கம்பீரமாக வெளியே வந்து, "ஒண்ணு நாப்பதுக்குச் சங்கு. பதினொண்ணு நாப்பதுக்குக் கிளம்பலாம்" என்றேன். ஹிஸ்கே தலையாட்டினாள். அவள் கவனமெல்லாம் அந்தச் சிவப்பு பூட்ஸ் மேலேயே இருந்தது. அது தன் கோட்டை மிதித்துவிடுமோ என்ற கவலை.

வாய்க்கால்வரை நானும் போனேன். பத்து மீட்டர் அகலம். வழக்கமாக முழங்காலுக்குத் தண்ணீர் இருக்கும். அன்று கணுக்காலுக்குக்கூட இல்லை.

"என்ன, இவ்வளவு வத்திக் கிடக்கு?" என்றாள் ஹிஸ்கே.

"கிழக்குக் காத்து. ஒரு வாரமாத் தண்ணியை வெளியே தள்ளுதுல்ல" என்றேன்.

நியாயமான பதில். நானே நம்பினேன்.

அணைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். தூரத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று கறுப்பு, வளைந்து வளைந்து போகிறது. இன்னொன்றின் அடியில் சிவப்பு, பத்தடி விலகிப் பூனை மாதிரி நடக்கிறது. வட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் காபி ஊற்றிக்கொண்டேன். ஒரு மணிக்கு மேல் காற்று நின்றது. சரி, நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஒன்று இருபதுக்கு வோப்பே ஆட்டுக்குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தான். கடலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"ஈப்பே, ஹிஸ்கே இன்னும் அங்கயா இருக்கா?"

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"எதுக்கு?"

"வத்தறதுக்கு."

"வத்தறதுக்கா? டேய், கடல் திரும்பி முக்கால் மணி நேரமாச்சுடா!"

"போடா. ஒண்ணு நாப்பது. நான் கணக்குப் போட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"அதைக் கடல்கிட்டப் போய்ச் சொல்லு. கீழ பாரு."

அணையின் அடியில் புல்வெளிக்குள் ஒரு சின்ன ஓடை வரும். அதில் ஒரு வைக்கோல் துண்டு மிதந்துகொண்டிருந்தது. கடல் பக்கம் போக வேண்டியது, அணையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல். அதற்கு மேல், தண்ணீரின் விளிம்பிலேயே மேய்கிற கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாகக் கரைக்குப் பறந்துவந்து இறங்கின.

எப்படி? புத்தகம் தப்பா? நான் தப்பா? ஒன்று கூட்டினேனே! சங்கின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றினேன். அலறியது. புள்ளிகள் திரும்புகின்றனவா என்று பார்க்கத் தலை நிமிர்ந்தேன்.

புள்ளிகள் இல்லை. வட்டங்களும் இல்லை. கடல் பக்கமிருந்து ஒரு வெள்ளைச் சுவர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மூடுபனி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குச்சியின் சிவப்புத் துணி மறைந்தது.

"வோப்பே, இதைப் பிடி. சுத்திக்கிட்டே இரு. என்ன ஆனாலும் நிறுத்தாதே."

"நீ எங்கடா போறே? உனக்கு நீச்சலே தெரியாதே!"

சரிவில் இறங்கி ஓடினேன்.

சேற்றில் ஓடுவது ஓட்டமே இல்லை. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்க வேண்டும். பனிக்குள் நுழைந்ததும் எல்லாம் ஒரே வெள்ளை. மூன்றடிக்கு மேல் கண் தெரியவில்லை. சங்குச் சத்தம் முதலில் பின்னாலிருந்து வந்தது, கொஞ்ச நேரத்தில் இடது பக்கமிருந்து, அப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும். என் மூச்சுச் சத்தத்தை யாரோ பக்கத்தில் ஓடி வருகிறார்கள் என்று நினைத்து ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

போன காலடித் தடத்தைப் பிடித்துத்தான் வாய்க்காலுக்குப் போனேன். காலையில் கணுக்கால் நனையாத இடம். இப்போது தொடைவரை ஏறிற்று. ஏப்ரல் மாதக் கடல் கத்தி மாதிரி வெட்டியது. கடந்து ஏறிக் கைகளால் துழாவினேன். குச்சி கிடைத்தது. அதன் அடியிலிருந்து காம்பு தொடங்கியது.

என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்கள். மனைவி சாகக் கிடக்கிறாள், நான் கோட்டை மிதிக்காமல் ஓரமாகவே நடக்கிறேன். பதினான்கு வருடப் பழக்கம்.

அப்புறம் அதைக் கவனித்தேன். கோட்டுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலிலிருந்து வழிந்து, சட்டத்தின் பற்கள் கீறிய தடங்களில் மெல்லிய கயிறுகளாக, நான் போகிற அதே திசையில். நான் வேகமாக நடந்தால் அதுவும் கூடவே வந்தது. கால் புதைந்து ஒரு நொடி நின்றேன். அது நிற்காமல் என்னை முந்திக்கொண்டு ஹிஸ்கேயைத் தேடிப் போயிற்று.

காம்பு முடிந்தது. அதற்கு மேல் கோடில்லாத சேறு. ஐந்தடி தள்ளி வட்டம் இருக்க வேண்டும், தெரியவில்லை.

"ஹிஸ்கே!"

பதில் வந்தது. எங்கோ வலது பக்கமிருந்து. "ஈப்பேயா?"

"இங்க! இங்க வா!"

"எங்க?"

நான் கத்திக்கொண்டே இருந்தேன்; சில நிமிடம் கழித்து வந்த இந்தக் குரல் இடது பக்கமிருந்து. எனக்குப் புரிந்தது. அவர்கள் பெரிய வட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பனியில் வேறு வழியில்லை, கோட்டைத்தான் நம்ப வேண்டும். ஆனால் வட்டத்தைப் பிடித்து நடந்தால் வட்டத்துக்குத்தானே வர முடியும்? காம்புக்கும் வட்டத்துக்கும் நடுவே அவள் எப்போதும் விடுகிற ஐந்தடி இடைவெளி, அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கண் எட்டுவது மூன்றடி.

ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். உடனே பின்வாங்கினேன். காம்பின் முனையை விட்டால் நானும் அவர்களோடு சுற்ற வேண்டியதுதான். அப்புறம் மூன்று பேருக்கும் வழி கிடையாது. மனைவி சத்தம் கேட்கிறது, நான் அசையக் கூடாது. என் வாழ்க்கையில் அதைப்போல நின்றதில்லை. கோட்டின் முனையில் இரண்டு குதிகாலையும் ஊன்றிக்கொண்டு கத்தினேன்.

"நான் காம்பு முனையில நிக்கறேன்! என் சத்தம் ரொம்பக் கிட்ட வரும்போது நில்லு!"

தண்ணீர் பாதத்துக்கு மேல் ஏறியது. சத்தம் விலகிப் போயிற்று. நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. சங்கு மட்டும் எங்கோ அலறியது. நான் விடாமல் கத்தினேன். என்ன கத்துவதென்று தெரியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கத்தினேன். முந்நூறைத் தாண்டியபோது, முகத்துக்கு எதிரிலேயே, "முந்நூறு தடவை கேட்டாச்சு, கத்தாதே" என்ற குரல் வந்தது.

கையை நீட்டினேன். சேற்றுக் கை ஒன்று அதைப் பிடித்தது. அதற்குப் பின்னால் சிவப்பு பூட்ஸ்.

"ரெண்டு சுத்து சுத்திட்டோம். இந்தப் பொண்ணுதான் தன்னோட பூட்ஸ் தடத்தையே எதிர்ல பார்த்துட்டுச் சொன்னா" என்றாள் ஹிஸ்கே. அவள் உதடு நீலமாக இருந்தது. இடுப்பில் வார், பின்னால் இரும்புச் சட்டம். அதையும் இழுத்துக்கொண்டே சுற்றியிருக்கிறாள். "நீ ஏன் வந்தே? சங்கு ஊதறது யாரு?"

"வோப்பே."

"வோப்பேயா!"

"ஹிஸ்கே, என்னை மன்னிச்சுடு. எங்க தப்புன்னு தெரியலை. சீட்டுல பன்னெண்டு நாப்பது. கோடை மணிக்கு ஒண்ணு கூட்டினேன். சரியாத்தான் கூட்டினேன்!"

வாரை இழுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பனிக்குள் அவள் முகம் அந்த வெள்ளையைவிட வெள்ளையாகப் போயிற்று.

"நான் கூட்டிட்டேன் ஈப்பே."

"என்னது?"

"அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி. சர்ச் வாசல்ல எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்களே. நீ மறந்துடுவேன்னு பயந்தேன். கேட்டா உனக்கு அவமானமா இருக்குமேன்னு சீட்டு முழுக்க அழிச்சு, ஒவ்வொரு நாளா ஒரு மணி நேரம் கூட்டி, உன் எழுத்து மாதிரியே எழுதி வெச்சேன். நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னு."

பதினொன்று நாற்பது பன்னிரண்டு நாற்பதாகி, அது ஒன்று நாற்பதாகிவிட்டது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உங்க சண்டையைக் கரையில வெச்சுக்கலாமா?" என்றாள் ஓட்டோலின். பல் தந்தியடித்தது. "தண்ணி என் பூட்ஸ்குள்ள வந்துடுச்சு."

குனிந்து பார்த்தேன். காம்பைக் காணவில்லை. சேறு முழுக்கத் தண்ணீர் மூடிவிட்டது. ஒரே சாம்பல் நிறத் தட்டு. கோடு எங்கே, வெறும் சேறு எங்கே, கண்ணுக்கு வித்தியாசமில்லை.

"ஹிஸ்கே, கோடு போச்சு."

"போகலை. அடியில இருக்கு." அவள் தன் பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். வெறும் காலைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். "பள்ளம் காலுக்குத் தெரியும். எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க. கோட்டுக்குள்ளயே நடங்க. மேல மிதிங்க."

"மிதிக்கறதா?" என்றேன்.

"மிதிடா!" என்று கத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மிதித்தோம். முன்னால் ஹிஸ்கே, நடுவில் ஓட்டோலின், கடைசியில் நான். சட்டத்தின் பற்கள் கீறிய ஐந்து பள்ளங்கள் பாதத்தின் அடியில் தண்டவாளங்கள் மாதிரி நீளமாகத் தெரிந்தன. இரண்டு முறை தவறினோம். தவறும்போதெல்லாம் மூன்று பேரும் நின்று, கால் விரலால் நாலா பக்கமும் தேடினோம். தேடுகிற நேரத்தில் தண்ணீர் கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்தது. விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. பள்ளம் தெரிகிறதா, தெரிவதாக நினைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

குச்சி ஹிஸ்கேயின் மார்பில் இடித்தது. அதன் அடிப்பகுதி தண்ணீருக்குள் போயிருந்தது. அதற்கு அப்பால் வாய்க்கால். அதன் இரைச்சல் மட்டும் கேட்டது. பனியில் அக்கரை தெரியவில்லை. தண்ணீர் வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டு ஓடியது.

"உனக்கு நீச்சல் வருமா?" என்று ஹிஸ்கே ஓட்டோலினைக் கேட்டாள்.

"நீச்சல் பரீட்சையில ஏ டிப்ளமாவும் இருக்கு, பி டிப்ளமாவும் இருக்கு. கோட்டு சூட்டோட நீந்திக் காட்டித்தான் வாங்கினேன். ஆனா அது வெந்நீர்க் குளம்."

"இது கொஞ்சம் ஆறிப்போச்சு. அவ்வளவுதான்."

ஹிஸ்கே வாரைக் கழற்றினாள். இரும்புச் சட்டத்தைக் குச்சிக்குப் பக்கத்தில் போட்டு ஏறி நின்று, பற்கள் முழுக்க உள்ளே இறங்கும்வரை மிதித்தாள். கயிற்றின் இன்னொரு முனையை ஓட்டோலினின் இடுப்பில் கட்டினாள். "சங்கு எந்தப் பக்கம் கேட்டாலும் நம்பாதே. தண்ணி உன் வலது தோள்ல இடிச்சுக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் நேராப் போறே."

அந்தப் பெண் இறங்கினாள். இரண்டாவது அடியில் தலை மட்டும் தெரிந்தது. மூன்றாவது அடியில் பனி விழுங்கிவிட்டது. கயிறு எங்கள் கையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. நின்றது. இழுபட்டது. மறுபடி நின்றது.

ஹிஸ்கே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அவ செத்தா நான்தான்" என்றாள்.

"இல்ல, நான்" என்றேன்.

கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். அடியில் கால் எட்டவில்லை. தண்ணீர் வாய்க்குள் வந்தது, மூக்குக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கை மாற்றி கை மாற்றிப் போனேன். பத்து மீட்டர்தான். என் கடையின் நீளம். அதைக் கடக்க ஒரு வருடம் ஆனமாதிரி இருந்தது. ஒரு கை என் காலரைப் பிடித்து இழுத்தது. எனக்குப் பின்னால் ஹிஸ்கே வந்தாள். வந்ததும் ஓட்டோலினின் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். கயிறு பாம்பு மாதிரி தண்ணீருக்குள் போயிற்று. சட்டம் அக்கரையிலேயே தங்கிவிட்டது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சங்குச் சத்தம் ஒரே திசையிலிருந்து வந்தது. அதைப் பிடித்து நடந்தோம். புல் காலில் பட்டபோது ஓட்டோலின் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அணைமேல் வோப்பே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் எதிரில் வந்து நின்ற பிறகும் நிறுத்தவில்லை. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கைப்பிடி முழுக்க ரத்தம்.

எங்கள் மூவரையும் எண்ணுவதுபோலப் பார்த்தான். "அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அன்றைக்குப் பிறகு 'கடலின் வேலைக்காரி' என்ற பெயரை அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் பட்டாணி சூப் குடித்தோம். என் பைஜாமாவைப் போட்டுக்கொண்ட ஓட்டோலின் கழிப்பறைக்குப் போனவள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வரும்போது கையில் ஏப்ரல் மாதச் சீட்டு.

"இதை நான் எடுத்துக்கலாமா?"

அது இப்போது ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 'காகிதத்தில் பென்சில், 1977' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். நானும் ஹிஸ்கேயும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். ஒரு கனவான் அதன் முன்னால் நின்று, அழித்து எழுதிய இடங்களைத் தன் மனைவிக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்து பொரித்த உருளைக்கிழங்கு வாங்கித் தின்றோம்.

சட்டம் மறுநாளே கிடைத்தது. ஒரு மாதம் கழித்து ஹிஸ்கே மறுபடி கடலுக்குப் போனாள். இப்போது நேரத்தைப் புத்தகத்திலிருந்து இருவரும் சேர்ந்து சத்தமாகப் படிக்கிறோம். நான் கூட்டுகிறேன், அவள் சரிபார்க்கிறாள், இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். தப்பு நேர வழியே இல்லை.

ஆனாலும் சங்கு மடியில் இருக்கும்போது என் கண் அந்தச் சின்ன ஓடையை விட்டு நகராது. வைக்கோல் எந்தப் பக்கம் போகிறது? இப்போது? இப்போது? மணி பன்னிரண்டு என்று பேசி வைத்திருந்தால், பதினொன்றுக்கே என் கை தானாகக் கைப்பிடியைச் சுற்றிவிடும்.

அவளுக்குத் தெரியும். பேசி வைத்த மணி அவளுக்கும் தெரியும், வெயில் எங்கே நிற்கிறது என்றும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால் எழுபத்தேழுக்குப் பிறகு ஹிஸ்கேயின் படங்களில் வட்டங்கள் குறைந்துவிட்டன. பன்னிரண்டு இருந்த இடத்தில் ஐந்து, சில நாள் நான்கு. கடைசி வட்டம் பெரும்பாலும் மூடுவதில்லை. அது ஹிஸ்கேயின் புதிய காலகட்டமாம். சொல்ல வேண்டியதைப் பாதியில் நிறுத்துகிற துணிச்சல் என்று பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். எழுதியவள் ஓட்டோலின். அவளுக்கு எல்லாம் தெரியும்.

நேற்றும் ஊதினேன். ஒரு மணி நேரம் முன்னாலேயே. தூரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி வளைவின் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு குனிந்து, வாரை இறுக்கிக்கொண்டு, சட்டத்தை இழுத்தபடி காம்பின் ஓரமாக என்னை நோக்கி வரத் தொடங்கியது. அது வாய்க்காலைத் தாண்டும்வரை நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.